கான்ட்ரா கணினியில் தறிகெட்டு ஓடுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சேலம் புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும், ஏற்காடு ஏரிக்கரைக் கடைகளிலும் ‘பத்தாயிரம் கேம்’ என்று அட்டையில் அச்சடித்த கேம் ஸ்டிக்குகள் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கினாலும் வீட்டில் முதலில் கையில் எடுப்பவர் அப்பாதான். அவர் தேடுவதும் பெரும்பாலும் ஒரே கேம், ஓடிக்கொண்டே சுடும் பழைய கான்ட்ரா. ஐந்து நிமிடம் ஆடியதும், “அப்ப இருந்த மாதிரி இல்லையே” என்பார். கணினியில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்) இறக்கி ஆடுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேம் தறிகெட்டு ஓடுகிறது; குதி என்றால் யோசித்துவிட்டுக் குதிக்கிறது; வாத்துச் சுடும் துப்பாக்கி வாத்தைத் தவிர மற்றதையெல்லாம் சுடுகிறது. ‘கணினி பழசு, அதனால்தான்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோளாறு கணினியின் சக்தியில் இல்லை, நேரக் கணக்கில் இருக்கிறது. பெரும்பகுதியைக் காசு செலவழிக்காமலே சரிசெய்யலாம் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் சக்தியைப் பற்றிச் சொல்லி முடித்துவிடலாம். கான்ட்ரா ஓடிய நின்டெண்டோ பெட்டியின் பிராசசர் 1.79 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைட். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இதைத் தூக்கத்தில்கூட ஓட்டும். அதில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் எஃப்சிஇயூஎக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் போதும். கொஞ்சம் புதிய கணினி என்றால் மீசன் போடலாம்; துல்லியத்தில் அதுவே மேல். இரண்டையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

இப்போது வேகம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். நம் நாட்டில் பால் (PAL) என்ற டிவி முறை. நொடிக்கு 50 முறை. அந்தக் கால கேம்களுக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. டிவி ஒருமுறை படம் வரைந்தால் வீரன் ஓர் அடி நகர்வான், பாட்டு ஓர் அடி நகரும். அவ்வளவுதான் அவற்றின் காலக் கணக்கு. 90களில் நம் வீடுகளுக்கு வந்தவை நின்டெண்டோவின் அசல் பெட்டிகள் அல்ல, தைவான், சீனச் சிப்புகள் வைத்த நகல் பெட்டிகள். நம் டிவியில் கலர் வர வேண்டும் என்பதற்காக அவற்றில் பெரும்பாலானவை 50-க்குச் செய்யப்பட்டிருந்தன. அதாவது 60-க்கு எழுதிய கான்ட்ராவை நாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஆடி வளர்ந்தோம். அமெரிக்காவில் 60 நொடி எடுக்கும் இடத்துக்கு இங்கே 72 நொடி. எமுலேட்டர் ஃபைலைப் பார்த்து ‘இது அமெரிக்கப் பதிப்பு’ என்று தானாகவே 60-இல் ஓட்டுகிறது. அப்பாவின் விரல்கள் 50-க்குப் பழகியவை. தறிகெட்டு ஓடுவது போலத் தோன்றாமல் என்ன செய்யும்?

எமுலேட்டரில் ரீஜன் என்ற அமைப்பு இருக்கும். ஆட்டோ, என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பான் டிவி முறை), பால், டெண்டி என்று நான்கு தேர்வுகள் கண்ணில் படும். இந்தியா பால் நாடுதானே என்று மூன்றாவதை அழுத்துகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் தவறு. பால் என்பது ஐரோப்பாவில் விற்ற அசல் நின்டெண்டோவின் கணக்கு. அதில் பிராசசர் 1.66 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், பாட்டின் சுருதியும் கூடவே இறங்கும். பிராசசர் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் படச் சிப் எத்தனை புள்ளி வரைகிறது என்ற விகிதமும் 3-இலிருந்து 3.2 ஆகிவிடுவதால், 60-க்கு எழுதிய சில கேம்களில் திரையின் மேலோ கீழோ உள்ள பட்டை நடுங்கும். நகல் சிப்பைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். பிராசசரை 1.77 மெகாஹெர்ட்ஸில் வைத்து, விகிதத்தை 3 ஆகவே விட்டு, படம் முடிந்த பிறகு 51 வரிகள் சும்மா காத்திருக்க வைத்தார்கள். சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தாளம் மட்டும் மெதுவாகும். காதில் நின்றுபோன அந்தப் பாட்டு இதுதான். இந்தக் கணக்குக்கு எமுலேட்டரில் உள்ள பெயர் டெண்டி. ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள். ஆகவே டெண்டியைத் தேர்ந்தெடுத்து, கேமை ரீசெட் செய்து, நொடிக்கு எத்தனை ஃபிரேம் (முழுப் படம்) என்ற எண்ணிக்கையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். 60.1 என்று இருந்தது 50 ஆகியிருக்க வேண்டும்.

ஆகிவிட்டால் அடுத்த சிக்கல் வரும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், கேம் 50. ஐந்து படத்தை ஆறு இடத்தில் நிரப்ப வேண்டியிருப்பதால் ஒரு படம் இருமுறை வரும். பக்கவாட்டில் நகரும் காட்டில் நொடிக்குப் பத்து முறை ஒரு வெட்டு தெரியும். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் இது தீராது. தீர்வு பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. இங்கே விற்கும் எல்இடி டிவிகள் பொதுவாக 50 ஹெர்ட்ஸை ஏற்கும். மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் செருகி, விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 50 ஆக்கி, எமுலேட்டரில் விசிங்க்கை (திரை புதுப்பிக்கும் நேரத்தோடு படத்தை ஒத்துப்போக வைக்கும் வசதியை) இயக்கினால் வெட்டு மறைந்துவிடும். டிவியில் கேம் மோட் இருந்தால் அதையும் போடுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும்.

படத்தை அகலத் திரை முழுக்க இழுத்துவிடும் பழக்கம் வேறு இருக்கிறது. வீரன் குள்ளமாகத் தெரிவது அதனால்தான். மூலப் படம் 256 புள்ளி அகலம், 240 வரி உயரம். மடிக்கணினித் திரை 1366-க்கு 768 என்றால் உயரத்தை மும்மடங்காக்கி 720-இல் நிறுத்துங்கள். அகலம் அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய 878, பால் டிவி கணக்கில் 1064. இருபுறமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

குதிப்பதில் வரும் தாமதம் பல இடங்களில் சேர்கிறது. டிவி, விசிங்க், ஒலியின் பஃபர் (முன்கூட்டிய சேமிப்பு), கேமின் உள்ளேயே இருக்கும் ஓரிரு ஃபிரேம். புளூடூத் ஹெட்செட்டை முதலில் கழற்றுங்கள். அதில் வெடிச்சத்தம் வருவதற்குள் எதிரி செத்து மறைந்திருப்பான். கேமுக்குள்ளேயே உள்ள தாமதத்தைக் குறைக்க ரன் அஹெட் என்ற வசதி மீசனிலும், ரெட்ரோஆர்க் என்ற இன்னொரு மென்பொருளிலும் உண்டு. எத்தனை ஃபிரேம் வைப்பது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ரெட்ரோஆர்க்கில் ‘பி’ விசையால் கேமை நிறுத்தி, குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ‘கே’ விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். தட்டத் தட்ட ஒரு ஃபிரேம் நகரும். எத்தனையாவது தட்டில் வீரன் அசைகிறானோ, அதில் ஒன்றைக் கழித்தால் வருவதே ரன் அஹெட் எண். அதற்கு மேல் வைத்தால் அசைவின் முதல் படங்கள் விழுங்கப்பட்டு வீரன் தாவித் தாவி நகர்வான். ஒவ்வொரு ஃபிரேமையும் கணினி திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பதால், மிகப் பழைய மடிக்கணினியில் ஒலி விட்டுவிட்டு வரலாம். வந்தால் எண்ணைக் குறையுங்கள்.

கீபோர்டைப் பற்றித்தான் எவரும் யோசிப்பதில்லை. கான்ட்ராவில் சாய்வாக மேலே சுட்டுக்கொண்டே குதிக்க நான்கு பட்டன் ஒரே நேரத்தில் வேண்டும்: மேல், வலம், சுடுதல், குதித்தல். மலிவான கீபோர்டில் விசைகள் கட்டம் கட்டமாக ஒரே கம்பியில் கோத்திருப்பதால் சில மூன்று விசைச் சேர்க்கைகளே பதியாது. அம்பு விசை இரண்டோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பல கீபோர்டுகள் ஊமையாகிவிடும். நோட்பேடைத் திறந்து, நீங்கள் வைத்திருக்கும் நான்கு எழுத்து விசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் அழுத்துங்கள். நான்கு எழுத்தும் ஒருமுறையாவது திரையில் வந்தால் அந்தச் சேர்க்கை உருப்படும். திசைகளை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளுக்கும், சுடுவதை ‘கே’ விசைக்கும், குதிப்பதை ‘எல்’ விசைக்கும் மாற்றிப் பாருங்கள்; இடது கையில் திசை, வலது கையில் பட்டன் என்று பழைய ரிமோட்டின் அமைப்பும் திரும்பக் கிடைக்கும். ஷிஃப்ட் விசையை வைக்கவே வேண்டாம். ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்து கேமை மறைக்கும், அதுவும் சரியாகத் தலைவன் எதிரி வரும் நேரத்தில். இருவர் ஒரே கீபோர்டில் ஆடுவது வீண் முயற்சி. இரண்டாம் ஆளுக்காவது யுஎஸ்பி ரிமோட் வாங்கிவிடுங்கள்.

எதிரிகள் கூடும்போது உருவங்கள் மினுக்குவது கோளாறு அல்ல. அசல் படச் சிப் ஒரு வரியில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வரையாது. அதனால் கேம்தான் உருவங்களை மாற்றி மாற்றிக் காட்டும். இந்த வரம்பை நீக்கும் வசதி எமுலேட்டரில் உண்டு. கான்ட்ராவில் நீக்கலாம், குறிப்பாக இருவரும் ஸ்பிரெட் துப்பாக்கி எடுத்திருக்கும்போது. எல்லா கேமுக்கும் பொதுவாக நீக்கிவிடக் கூடாது. சில கேம்கள் இந்த வரம்பைப் பயன்படுத்தியே உருவங்களை ஒளித்து வைக்கின்றன. நீக்கினால் ஒளிந்திருக்க வேண்டியது வெளியே நிற்கும்.

இனித் துப்பாக்கி. வாத்துச் சுடும் கேமான டக் ஹன்டில் விசையை இழுத்ததும் திரை ஒரு ஃபிரேம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். இரண்டு வாத்து என்றால் கட்டங்கள் அடுத்தடுத்த ஃபிரேமில் வரும். துப்பாக்கிக் குழலுக்குள் இருப்பது ஒளி உணரி ஒன்றுதான். கறுப்பில் இருட்டையும் கட்டத்தில் வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். எந்த ஃபிரேமில் பார்த்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று கேம் முடிவு செய்யும். கறுப்பு ஃபிரேமிலேயே வெளிச்சம் தெரிந்தால் செல்லாது. குண்டு பல்பைச் சுட்டு ஏமாற்ற முடியாததும் அதனால்தான். டியூப் டிவி சிக்னல் வந்த கணமே வரையும். எல்இடி டிவி சேமித்து, சீர்செய்து, சில ஃபிரேம் கழித்துக் காட்டும். கட்டம் திரைக்கு வருவதற்குள் கேம் துப்பாக்கியிடம் கேட்டு முடித்திருக்கும். எத்தனை குறி பார்த்தாலும் அத்தனையும் வீண். போதாததற்கு, அசல் துப்பாக்கி டியூப் டிவியின் வரி ஓட்டத் துடிப்பையே எதிர்பார்க்கும் வகையில் செய்யப்பட்டது. எல்இடி திரையில் அந்தத் துடிப்பே கிடையாது.

கணினியில் எமுலேட்டரின் இன்புட் அமைப்பில் இரண்டாவது போர்ட்டை ஜாப்பர் (நின்டெண்டோ துப்பாக்கியின் பெயர்) என்று மாற்றி, மவுஸால் சுடலாம். எமுலேட்டர் தனக்குள் வரைந்த படத்திலேயே மவுஸ் நிற்கும் புள்ளியின் வெளிச்சத்தைப் பார்த்துவிடுவதால் திரையின் தாமதம் குறுக்கே வராது. கையில் துப்பாக்கியே வேண்டும் என்பவர்களுக்கு சிண்டன், கன்ஃபோர்ஐஆர் என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. முன்னதில் துப்பாக்கிக்குள் உள்ள கேமரா திரையைச் சுற்றிய வெள்ளைச் சட்டத்தைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும். பின்னதில் திரையைச் சுற்றி ஒட்டிய அகச்சிவப்பு விளக்குகளை வைத்துக் கணக்கிடும். இரண்டும் கணினிக்கு மவுஸாகவே தெரியும். எங்கள் கருத்தில் இரண்டுமே ஆசைக்கு அதிகமான செலவு. 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் எரிகிறது என்றால், பழைய பெட்டியையும் பழைய துப்பாக்கியையும் அதில் நேரடியாக மாட்டுங்கள்; எமுலேட்டரே வேண்டாம். கணினியை எச்டிஎம்ஐ மாற்றியின் வழியே அந்த டிவியில் கொடுத்து அசல் துப்பாக்கியால் சுடலாம் என்று நினைக்க வேண்டாம். மாற்றியும் படத்தைச் சேமித்தே அனுப்புகிறது.

கேம் ஃபைலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்க கான்ட்ராவின் அளவு 131,088 பைட், ஜப்பான் பதிப்பு 262,160 பைட், டக் ஹன்ட் 24,592 பைட். முதல் 16 பைட் தலைப்புக்கு (ஃபைலின் விவரத்தைச் சொல்லும் பகுதிக்கு) உரியது. ஜப்பான் பதிப்பில் முதல் காட்டில் மரக் கிளைகள் காற்றில் அசையும். அளவைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம். ‘கான்ட்ரா’ என்று சொல்லி 40 மெகாபைட்டில் இன்ஸ்டால் செய்யும் ஃபைல் வந்தால் அது கேம் அல்ல, திறக்காமல் அழியுங்கள். அளவு சரியாக இருந்தும் திரை சாம்பல் நிறமாகவே நின்றால் தலைப்பைப் பாருங்கள். ஏழாவது பைட்டிலிருந்து ‘டிஸ்க்டியூட்!’ என்ற குப்பை எழுத்து இருந்தால், பழைய எமுலேட்டர்கள் கேசட் வகை எண் 2 என்பதை 66 என்று படித்து விழித்துக்கொண்டு நிற்கும். எண்ணுவது பூஜ்ஜியத்திலிருந்து, 7 முதல் 15 வரையுள்ள பைட்களைப் பூஜ்ஜியமாக்கினால் கான்ட்ரா ஓடிவிடும்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமல்ல. கேம் ஃபைல் வேறு கதை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவு, சட்டப்படி தானே பெற்ற பிரதியிலிருந்து சொந்த, வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்காகக் கணினி நிரலை நகலெடுப்பதை அனுமதிக்கிறது. பரணில் கிடக்கும் மஞ்சள் கேசட் அந்தக் கணக்கில் வருமா என்றால், வராது. அந்த ‘பல கேம் ஒரே கேசட்’ வகைகள் அப்போதே உரிமையில்லாத நகல்கள். அசல் கேசட் வைத்திருப்பவர்கள் ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையின் அடிப்படையிலான கேசட் ரீடரால் தாங்களே படித்து எடுத்துக்கொள்ளலாம். ஜப்பான் கேசட்டுக்கு 60 முனை, அமெரிக்க கேசட்டுக்கு 72 முனை அடாப்டர் வேண்டும். இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு கொனாமி 2019 ஜூனில் வெளியிட்ட கான்ட்ரா ஆண்டுவிழாத் தொகுப்பு ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் கிடைக்கிறது. கேம் ஸ்டிக்குக்கும் பென் டிரைவில் காசு வாங்கிக்கொண்டு கேம் ஏற்றிக்கொடுப்பதற்கும் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. 63-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. கடைக்காரர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு விற்பது நல்லது.

பழைய ரிமோட்டையே கணினியில் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஐந்து கம்பிதான்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. லாட்ச் கொடுத்து எட்டு முறை கிளாக் அடித்தால் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் பட்டன் நிலை வரும். ஆர்டுயினோ மைக்ரோ வகைப் பலகை ஒன்று இதைப் படித்து யுஎஸ்பி ரிமோட்டாகக் காட்டிவிடும். எந்த முனை எந்தக் கம்பி என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மல்டிமீட்டரால் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஏற்காட்டில் மூடுபனி ஈரம் பட்டுக் கிடந்த ரிமோட்டில் ரப்பருக்குக் கீழே உள்ள கரித் தடம் பூத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்துக் காயவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் கரியே போய்விடும். கேசட் முனைக்கும் அதேதான். வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தைச் சேர்த்துப் பச்சை பூக்க வைக்கும். இன்னொன்று: அந்த ஒன்பது முனை பிளக் பழைய டெஸ்க்டாப்பின் பின்னால் உள்ள சீரியல் போர்ட்டில் கச்சிதமாகப் பொருந்தும். செருகிவிடாதீர்கள். அந்தப் போர்ட்டில் கூட்டலிலும் கழித்தலிலும் 12 வோல்ட் வரை வரும், ரிமோட்டோ 5 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 636 007.